மலையில் கட்டி, சமவெளியில் பறக்க: இரண்டு இருக்கை விமானமும் நம் தோட்டத்துப் பிள்ளைகளும்

இறப்பர் மரங்களின் உச்சியை உரசுவதுபோல் தாழ வருகிறது ஹெலிகொப்டர். கிளைகள் பேயாட்டம் ஆடுகின்றன. காய்ந்த இலைகள் தரையிலிருந்து சுழன்று எழும்புகின்றன. எண்ணெயில் கலந்த செப்பு மருந்து புகைபோல இறங்கி இலைகளில் படிகிறது. மழைக்காலம் தொடங்குமுன் இலையுதிர் நோயைத் தடுக்கக் கேரளத்துத் தோட்டங்களில் செய்யும் வேலை இது. மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறான் 15 வயதுப் பையன் ஒருவன். பிறவியிலேயே காது கேளாதவன், பேச வராதவன். ஊரையே அதிரவைக்கும் அந்த இரைச்சல் அவன் காதுக்கு எட்டவில்லை. முகத்தில் அறையும் காற்றும் நெஞ்சுக்கூட்டில் இறங்கும் அதிர்வும்தான் அவனுக்குத் தெரிந்த விமானம்.

அவர் பெயர் சஜி தோமஸ். இடுக்கி மாவட்டம், தொடுபுழைக்கு அருகேயுள்ள தட்டக்குழை அவரது ஊர். பள்ளிப் படிப்பை ஏழாம் வகுப்போடு விட்டவர். மருந்தடிக்க வந்த விமானிகளோடு சைகையிலேயே பழகி, அவர்களின் முகவரியை வாங்கி வைத்துக்கொண்டு, பின்னாளில் அவர்களைத் தேடி மும்பைக்கே போனார். படம் பிடிப்பதும் மின்சாதனம் திருத்துவதும் அவருக்குச் சோறு போட்ட தொழில்கள். கிடைத்த நேரத்தில் கிடைத்த பொருள்களைக் கொண்டு, ஏறத்தாழ ஐந்தாண்டு உழைத்து, இருவர் அமரக்கூடிய ஒரு இலகுரக விமானத்தைக் கட்டி முடித்தார். அதன் பெயர் 'சஜி எக்ஸ் ஏர் எஸ்'. செலவு சுமார் 14 இலட்சம் இந்திய ரூபாய் என்று அப்போது செய்திகள் வந்தன.

விமானம் கட்டப்பட்டது இடுக்கியில். பறந்தது தமிழ்நாட்டில். 2014-இல் திருநெல்வேலி மாவட்டம் அம்பாசமுத்திரம் அருகே மணிமுத்தாற்றில், ஓய்வுபெற்ற விங் கொமாண்டர் எஸ்.கே.ஜே. நாயர் அதை வானில் ஏற்றிக் காட்டினார். மணிமுத்தாறு என்றதும் நம்மில் பலருக்கு மேலே இருக்கும் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் நினைவுக்கு வரலாம். நம் பாட்டன் பூட்டன்மார் இலங்கைக்குக் கப்பலேறிய மாவட்டங்களில் திருநெல்வேலியும் ஒன்று.

இறப்பர் காட்டுக்குள் நின்று வானத்தைப் பார்த்த ஒரு பையனின் கதை, கேகாலையிலும் இரத்தினபுரியிலும் பால் வெட்டும் குடும்பங்களுக்கு அந்நியமான கதை இல்லை. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை எங்கும் இன்று இளைஞர்களின் கைப்பேசிகளில் சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களின் காணொளிகள் ஓடுகின்றன. 'நாமும் கட்டலாமா?' என்ற கேள்வி லயத்து வாசலிலும் கேட்கிறது. கேள்வியைச் சிரித்துத் தள்ளுகிற பெரியவர்கள் ஒரு பக்கம். யூடியூபைப் பார்த்துக்கொண்டே இறக்கை பூட்டிவிடலாம் என்று நம்பும் பிள்ளைகள் மறு பக்கம். இரு தரப்புக்காகவும் இந்தக் கட்டுரை.

நம் நாட்டில் ஒருவர் செய்து காட்டியிருக்கிறார்

இலங்கையில் இலகுரக விமானத்தைத் தானே வடிவமைத்து, தானே கட்டி, தானே ஓட்டிய மனிதர் என்றால் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ரே விஜேவர்தன. 1924-இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர். பாய்மரப் படகோட்டியாக 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகக் கலந்துகொண்டவர். சாதாரண விமானம், கிளைடர், ஹெலிகொப்டர், ஓட்டோஜைரோ என்று எல்லாவற்றையும் ஓட்டத் தெரிந்தவர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தார். 2010 ஆகஸ்டில் காலமானார்.

வசதியான குடும்பத்தில் பிறந்தவர்தான். அதற்காக நமக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்று விட்டுவிட முடியாது. 1950-களில் 'லேண்ட்மாஸ்டர்' என்ற இரு சக்கர உழவு இயந்திரத்தை உருவாக்கியவர் இதே ரே. அது இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்டு உலகெங்கும் விற்றது. பின்னாளில் அவரே தன் படைப்பைக் கேள்விக்குள்ளாக்கினார். எருமையின் வேலையை இயந்திரத்துக்கு மாற்றியதில் விவசாயி இறக்குமதி எண்ணெய்க்கு அடிமையானதுதான் மிச்சம் என்று வெளிப்படையாகப் பேசினார். அதன்பிறகு சரிவு நிலங்களில் மண் அரிப்பைத் தடுக்க, சம உயரக் கோட்டில் கிளிரிசிடியாவை வேலியாக நடும் முறையை ஓயாமல் வலியுறுத்தினார். தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராகக் கிளிரிசிடியாவை 2005-இல் அரசு அறிவித்ததற்குப் பின்னால் அவரது பிரசாரமும் இருந்தது.

விமானம் கட்டியவருக்கும் மண் அரிப்புக்கும் என்ன தொடர்பு? இலகுரக விமானத்தில் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும், ஒவ்வொரு துளி எரிபொருளுக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் உள்ள கண்ணுக்கு மலைச்சரிவிலிருந்து கழுவிப் போகும் மண்ணும் நட்டக் கணக்காகத்தான் தெரியும். விமானப் பட்டறை நம் பிள்ளைகளுக்குத் தரக்கூடிய பெரிய சொத்து இந்தக் கண்தான் என்பது என் எண்ணம். பறப்பது அதற்குப் பிறகு.

இரண்டாவது இருக்கை எதற்கு?

ஒற்றை இருக்கை விமானம் கட்டுவது எளிது. எடை குறைவு, சிறிய எஞ்சின் போதும், செலவும் பாதி. அமெரிக்காவில் 1982-இல் வந்த விதிப்படி 'அல்ட்ராலைட்' என்றாலே ஒரே இருக்கைதான். வெற்று எடை 115 கிலோவுக்குள், எரிபொருள் 19 லீற்றருக்குள் இருந்தால் ஓட்டுகிறவருக்கு உரிமம்கூடக் கேட்பதில்லை.

ஆனால் ஒற்றை இருக்கையில் யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்க முடியாது. முதல் நாளே தனியாக ஏறி, தனியாக இறங்க வேண்டும். ஆரம்ப காலத்தில் பலர் உயிரை விட்டது இப்படித்தான். பக்கத்தில் ஆசிரியர் உட்கார்ந்து, கை தவறும் நொடியில் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் இரண்டாவது இருக்கை வேண்டும்.

அந்த இருக்கையைச் சேர்த்ததும் வடிவமைப்பாளருக்குத் தலைவலி தொடங்குகிறது. ஓர் ஆளின் எடை 85 கிலோ என்று வைப்போம். விமானத்தின் ஈர்ப்பு மையம், இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் ஏறத்தாழ கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்குள் நிற்க வேண்டும். பின்னால் போனால் வால் கனத்து, மூக்குத் தூக்கி, விமானம் அடங்காது. இரண்டாவது ஆள் இருக்கும்போதும் இல்லாதபோதும் அந்த மையம் எல்லை தாண்டக்கூடாது. இதற்கு இரண்டு வழி. ஒன்று, இருவரையும் பக்கம் பக்கமாக, ஈர்ப்பு மையத்துக்கு அருகிலேயே அமர்த்துவது. ஒருவர் இறங்கினாலும் முன்பின் சமநிலை பெரிதாக மாறாது. ஆனால் உடல் அகலமாகி, காற்று எதிர்ப்புக் கூடும். மற்றது, முன்பின்னாக அமர்த்துவது. பின் இருக்கையை ஈர்ப்பு மையத்தின் மேலேயே வைத்துவிட்டால் அது காலியாக இருந்தாலும் கவலையில்லை. உடல் ஒல்லியாக இருக்கும், காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். ஆனால் ஆசிரியரால் மாணவனின் முகத்தைப் பார்க்க முடியாது.

பயிற்சிக்குப் பக்கம் பக்கமான இருக்கைதான் நல்லது என்பேன். மாணவன் பயந்திருக்கிறானா, திகைத்திருக்கிறானா என்பதைக் கண்ணைப் பார்த்தால்தானே தெரியும்.

┌─────────────────────
பெட்டிச் செய்தி: 450 கிலோவுக்குள் ஒரு குடும்பக் கணக்கு

ஐரோப்பாவில் நீண்ட காலம் இருந்த வரம்பு இது: இரண்டு இருக்கை இலகுரக விமானம் ஆள், எரிபொருள் எல்லாம் சேர்த்து 450 கிலோவைத் தாண்டக்கூடாது. அண்மைக்காலத்தில் பல நாடுகள் இதை 600 கிலோ வரை தளர்த்தியுள்ளன.

இரண்டு பேர்: 170 கிலோ
40 லீற்றர் பெற்றோல்: சுமார் 29 கிலோ
பை, கருவிப்பெட்டி: 6 கிலோ
மீதி: 245 கிலோ

இந்த 245-க்குள்தான் விமானமே இருக்க வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின், புரொப்பெல்லர், குளிரூட்டி எல்லாம் பூட்டி முடித்தால் அதில் 75 கிலோ போய்விடும். எஞ்சியது 170. இறக்கை, உடல், வால், சக்கரம், இருக்கை, கட்டுப்பாட்டுக் கம்பிகள், கருவிகள் அத்தனையும் அதற்குள் அடங்க வேண்டும்.

இறக்கை எவ்வளவு பெரியது? மணிக்கு 65 கிலோமீற்றர் வரை வேகம் குறைந்தாலும் விமானம் விழாமல் நிற்க வேண்டும் என்பது பழைய விதி. மடல் இறக்கிய நல்ல இறக்கைக்குக் கடல் மட்டத்தில் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 14 சதுர மீற்றர் வருகிறது. 10 அடிக்கு 12 அடி லயத்துக் காம்பராவை விடக் கொஞ்சம் பெரியது. அவ்வளவு பரப்புத்தான் இருவரைத் தூக்கிச் செல்கிறது.
└─────────────────────

மணல் மூட்டையின் தீர்ப்பு

விமானத்தின் அழகான படம் எவரும் வரையலாம். அது தாங்குமா என்பதைச் சொல்வது மணல் மூட்டை.

முதல் இறக்கையைக் கட்டி முடித்ததும் அதைத் தலைகீழாகத் திருப்பி ஒரு சட்டத்தில் பூட்டுவார்கள். வானில் இறக்கையை மேல்நோக்கி வளைப்பது காற்று. பட்டறையில் அந்த வேலையை மணலின் பாரம் செய்ய வேண்டும், அதனால்தான் தலைகீழ். இவ்வகை விமானங்கள் தம் எடையைப் போல் நான்கு மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். அதன்மேல் ஒன்றரை மடங்கு பாதுகாப்பு. ஆக மொத்தம் ஆறு மடங்கு. 450 கிலோ விமானத்துக்கு 2,700 கிலோ, ஒரு பக்க இறக்கைக்கு 1,350. இறக்கையின் சொந்த எடைக்குரியதைக் கழித்தாலும் ஆயிரம் கிலோவுக்கு மேல் நிற்கும். 25 கிலோ மூட்டையாகக் கணக்கிட்டால் நாற்பதுக்கும் மேற்பட்ட மூட்டைகள்.

அவற்றைக் கண்டபடி அடுக்கக்கூடாது. உடலோடு சேரும் இடத்தில் அதிகமாகவும் நுனிக்குப் போகப் போகக் குறைவாகவும், காற்று தாங்கும் விகிதத்திலேயே வைக்க வேண்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் பிறகு நுனி எவ்வளவு தாழ்ந்தது என்று அளந்து எழுத வேண்டும். நான்கு மடங்குச் சுமையை இறக்கியதும் இறக்கை பழைய இடத்துக்கே திரும்பி வர வேண்டும். ஒரு மில்லிமீற்றர் நிரந்தரமாக வளைந்து நின்றாலும் அதற்குக் காரணம் தேட வேண்டும். ஆறு மடங்கில் குறைந்தது மூன்று வினாடி உடையாமல் நிற்க வேண்டும். அந்த மூன்று வினாடியில் ஒரு 'டக்' சத்தம் கேட்டால், எந்த ஆணியில், எந்தக் குழாயில் என்று கண்டுபிடிக்கும்வரை பட்டறையில் எவருக்கும் தூக்கம் வராது.

நம் தேயிலைப் பெக்டரிகளில் ரோலரையும் ட்ரையரையும் கொழுந்து வாட்டும் விசிறியையும் பராமரிக்கும் பிட்டர்மார் இருக்கிறார்கள். பேரிங் தேய்வதைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார்கள். படிப்புச் சான்றிதழ் இல்லாத அந்தக் கைகளின் அறிவை எந்தக் கணக்கிலும் நாம் சேர்ப்பதில்லை. இறக்கைச் சோதனைக்கு வேண்டிய காதும் கண்ணும் அதுவேதான்.

ஆரோவில்லிலிருந்து உலகுக்கு

பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1970-களில் துணி இறக்கைக் கிளைடர்களில் சிறு மோட்டார் பூட்டிப் பறந்தவர்கள்தான் இந்த விளையாட்டைத் தொடக்கியவர்கள். 1976-இல் அமெரிக்காவின் ஒஷ்கொஷ் விமான விழாவில் ஜோன் மூடி என்பவர் மோட்டார் கட்டிய கிளைடரோடு தன் கால்களாலேயே ஓடி மேலெழுந்தது இந்தத் துறையின் தொடக்கப் புள்ளியாகச் சொல்லப்படுகிறது.

அந்த அலை நான்கே ஆண்டில் தமிழ்நாட்டுக் கரைக்கு வந்தது. 1980-இல் ஆரோவில்லில் ஜோயல் கோஷ்லின் என்ற பிரெஞ்சுக்காரர் 'ராஜ் ஹம்ஸா' நிறுவனத்தைத் தொடங்கினார். கிளைடரில் ஆரம்பித்து, பெங்களூருக்கு இடம்பெயர்ந்து, 'எக்ஸ் ஏர்' என்ற இரண்டு இருக்கை விமானத்தைத் தயாரித்தார்கள். அலுமினியக் குழாய்ச் சட்டம், மேலே பாய்மரத் துணி, உயரத்தில் இறக்கை, முன்னால் எஞ்சின். சிக்கனமான, திருத்த எளிதான வடிவம். அது இங்கிலாந்து, பிரான்ஸ் வரை ஏற்றுமதியானது. சஜி தன் விமானத்துக்கு வைத்த பெயரில் இந்தப் பெயரின் எதிரொலி கேட்கிறது.

அரசு தரப்பில் பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் 'ஹன்ஸா' என்ற இரண்டு இருக்கைப் பயிற்சி விமானத்தை உருவாக்கியது. முதல் பறப்பு 1993 நவம்பர் 17. சான்றிதழ் கைக்கு வந்தது 2000-இல். எடையில் இது அல்ட்ராலைட்டை விடக் கனமான வகை. பெரிய ஆய்வகம், அரசுப் பணம், தேர்ந்த பொறியியலாளர்கள் எல்லாம் இருந்தும் முதல் பறப்புக்கும் சான்றிதழுக்கும் இடையில் ஏழு ஆண்டு. புதிய வடிவமான 'ஹன்ஸா என்ஜி' 2021 செப்டெம்பரில் முதலில் பறந்து, அடுத்த ஆண்டு புதுச்சேரியில் கடல் மட்டச் சோதனைகளை முடித்தது. அவசரப்படும் பிள்ளைகள் இந்த ஆண்டுக் கணக்கைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

நம் வானம் நல்ல வானமா?

மனதில் பட்டதை மறைக்காமல் சொல்கிறேன்: சப்ரகமுவ மலைகளின் மேல் இலகுரக விமானம் ஓட்டுவது ஆபத்தான காரியம். இங்கே கட்டலாம், ஆனால் இங்கே சோதித்துப் பறக்கக்கூடாது.

மலையகத்தின் மூத்த தலைமுறைக்கு 1974 டிசெம்பர் 4 மறந்திருக்காது. மஸ்கெலியா பக்கம் ஏழு கன்னியர் மலையில் டச்சு நிறுவனத்தின் டீசி-8 விமானம் மோதி 191 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்து மக்காவுக்குப் புறப்பட்ட ஹஜ் பயணிகள். கட்டுநாயக்கவுக்கு இறங்கிக்கொண்டிருந்த விமானிகள் தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்துவிட்டார்கள். நான்கு எஞ்சின் ஜெட்டுக்கே அந்த மலை இடம் கொடுக்கவில்லை. துணி இறக்கை எம்மாத்திரம்?

எஞ்சின் நின்றுபோனால் இந்த வகை விமானம் சாதாரணமாக ஒரு மீற்றர் இறங்குவதற்குள் எட்டு மீற்றர் முன்னே போகும். 300 மீற்றர் உயரத்தில் நின்றால், காற்று அசையாத நிலையில் 2.4 கிலோமீற்றர். அந்தத் தூரத்துக்குள் சமதரை வேண்டும். சமவெளியில் வயலோ தரிசோ கிடைக்கும். நமக்கு? ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறு பக்கம் இறப்பர் காடு, கீழே பாறையும் ஆறும். தோட்டத்து விளையாட்டு மைதானத்தில்கூட ஒரு கோடியில் கோயில், மறு கோடியில் மின்கம்பி.

இன்னொரு எதிரி கண்ணுக்குத் தெரியாதது. ஈரக்காற்று கார்புரேற்றருக்குள் நுழையும்போது விரிந்து, பெற்றோலோடு சேர்ந்து சட்டென்று குளிரும். வெளியே 20, 25 பாகை வெப்பம் இருந்தாலும் உள்ளே பனிக்கட்டி பிடித்துவிடும். விசையைக் குறைத்து இறங்கும் நேரத்தில்தான் இது அதிகம். எஞ்சின் இருமும், பிறகு நிற்கும். ஈரப்பதம் குறையாத நம் பிரதேசத்தில் கார்புரேற்றருக்குச் சூடேற்றும் அமைப்பு இல்லாத விமானத்தில் ஏறவே கூடாது.

┌─────────────────────
பெட்டிச் செய்தி: சப்ரகமுவவின் காற்றும் மழையும்

இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று நேராக நம் சரிவுகளில் மோதுகிறது. மலையின் மறைவுப் பக்கத்தில் காற்று சுழன்று கீழே அமுக்கும். சிறிய எஞ்சினால் அதை எதிர்த்து ஏற முடியாது.

மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை.

ஓரளவு அமைதியான வானம் என்றால் ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் விடிகாலை. வெயில் ஏறுமுன் வேலையை முடித்துவிட வேண்டும்.

துணி இறக்கைக்கு வெயிலும் பகை. பாய்மரத் துணி புற ஊதாக் கதிரில் வலுவிழக்கும். அதைக் கருவியால் சோதித்துக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். அலுமினியம் அரிபடும், மரம் பூஞ்சணம் பிடிக்கும். கொட்டகை இல்லாத விமானம் நம் ஊரில் அதிக நாள் நிலைக்காது.
└─────────────────────

வந்தால் என்ன மாறும்?

முதலில் எதிர்பார்ப்பு ஒன்றைக் குறைத்துக்கொள்வோம். இறப்பருக்கு மருந்தடிக்க விமானம் வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். 2019 முதல் நம் இறப்பர் தோட்டங்களை வட்டப் புள்ளி இலை நோய் வாட்டுகிறது. 'பெஸ்டலோடியொப்சிஸ்' என்ற பூஞ்சணத்தின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் நோய் இது. இலை கொட்டினால் பால் குறையும், பால் குறைந்தால் வெட்டு நாள் குறையும், கூலி குறையும். மரத்தின் உச்சிக்கு மருந்து கொண்டுபோவது உண்மையான பிரச்சினைதான். ஆனால் சரிவோடு சரிவாக, மர உச்சியிலிருந்து சில மீற்றர் உயரத்தில் ஆளோடு விமானம் ஓட்டுவது தற்கொலைக்குச் சமம். அந்த வேலைக்கு ஆளில்லா ட்ரோன் போதும். அது விழுந்தால் இழப்பு பணத்தோடு முடியும்.

மண்சரிவு வேறு கதை. 2016 மே 17 மாலை கேகாலை மாவட்டம் அரநாயக்கவில் சாமசர மலை இடிந்து சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே கிராமங்களை மூடியது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுப்பஹன தோட்டத்திலும் மண் இறங்கி நம் மக்களைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு மே மாத வெள்ளத்தில் இரத்தினபுரி மூழ்கியது. மழைக்குப் பிறகு வானம் தெளிந்த காலையில், ஒருவர் ஓட்ட மற்றவர் படம் பிடித்துக் குறித்துக்கொண்டு வந்தால், எந்தச் சரிவில் வெடிப்பு விழுந்திருக்கிறது, எந்த லயத்துக்கு மேலே மண் வாய் பிளந்திருக்கிறது என்று ஒரே பறப்பில் பல தோட்டங்களைப் பார்த்துவிடலாம். இரண்டாவது இருக்கைக்கு இங்கே பயிற்சியைத் தாண்டிய பயன் உண்டு. மலையை விட்டு விலகி, போதிய உயரத்தில், மலைப் பறப்பில் தேர்ந்த விமானி ஓட்டும் பறப்பாக அது இருக்க வேண்டும். ஹெலிகொப்டரை விடச் செலவு மிகக் குறைவு. ட்ரோனை விட ஒரே மூச்சில் பார்க்கும் பரப்பு அதிகம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கைப் பணிக்கு இது ஒரு துணைக்கண். மழை கொட்டும் நேரத்தில் இது எழும்பாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நான் அதிகம் நம்புவது மூன்றாவது விளைவை. விமானப் பராமரிப்பு உலகெங்கும் ஆள் தேடும் தொழில். குழாய்க்கு ரிவெட் அடிப்பது, கம்பி முனையைச் சுற்றிப் பூட்டுவது, முறுக்கு அளவைச் சரிபார்த்துக் கையொப்பம் இடுவது, குறிப்பேடு எழுதுவது — இவற்றை ஒழுங்காகப் பழகிய பிள்ளை எங்கும் வேலை பார்க்கலாம். பெரட்டுக்குப் போகாவிட்டால் கொழும்புக் கடை, இல்லாவிட்டால் ஆடைத் தொழிற்சாலை, அதுவும் இல்லாவிட்டால் மத்திய கிழக்கு என்று நம் பிள்ளைகளுக்கு வகுக்கப்பட்ட பாதையில் இது ஒரு புதிய கிளை. பெண் பிள்ளைகளுக்கு இதில் தடையேதும் இல்லை. ஒவ்வொரு கிலோவும் கணக்காகும் துறையில் எடை குறைந்த விமானி ஒரு வசதிகூட.

சந்தேகத்தின் நிழல்

இதைச் சொல்லாமல் கட்டுரையை முடித்தால் நேர்மையாகாது. 2007 மார்ச் 26 அதிகாலை கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தைப் புலிகளின் சிறு விமானங்கள் தாக்கின. அன்றிலிருந்து இந்த நாட்டில் 'தமிழர் கையில் சிறிய விமானம்' என்ற எண்ணத்துக்கே ஒரு அச்சம் ஒட்டிக்கொண்டது. போர் முடிந்து ஆண்டுகள் பல ஓடிவிட்டன. ஆனாலும் தோட்டத்துக் கொட்டகையில் ஓர் இளைஞன் இரகசியமாக இறக்கை பூட்டுகிறான் என்று பேச்சுக் கிளம்பினால் என்ன நடக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பையனுக்காகவும் அவன் வீட்டாருக்காகவும் பயந்து எழுதுகிறேன்: இரகசியமாக எதையும் தொடங்காதீர்கள். 2010-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்கச் சிவில் விமானப் பயணச் சட்டத்தின் கீழ், பதிவும் பறக்கத் தகுதிச் சான்றும் இல்லாமல் விமானம் வானில் ஏற முடியாது. முதல் ஆணி அடிக்குமுன்னே சிவில் விமான அதிகார சபைக்கு எழுத்தில் அறிவித்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பொலிஸுக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் பிரதி போகட்டும். கதவைத் திறந்து வைத்துக் கட்டப்படும் விமானத்தின்மேல் வதந்தி ஒட்டாது.

தனி ஒருவரின் துணிச்சலில் விடக்கூடிய காரியமும் அல்ல இது. சஜி தோமஸ் தன் கையிருப்பைக் கரைத்துச் சாதித்தார். அதை மாற்றுத்திறனாளியின் சாதனை என்று இந்தியச் சாதனைப் புத்தகம் பதிந்தது. 2017-இல் பிருத்விராஜ் நடித்த 'விமானம்' என்ற மலையாளப் படம் அவரது வாழ்க்கையைத் தழுவி வந்தது. ஆனால் புதிய நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்றின் விலையே நம் தோட்டத் தொழிலாளி ஒருவரின் பல ஆண்டுக் கூலியைத் தாண்டும். அந்தச் சுமையை ஒரு லயத்துக் குடும்பத்தின் தலையில் ஏற்றுவது கொடுமை.

எங்கே தொடங்குவது?

பலாங்கொடைக்கு அப்பால் பெலிஹுல்லோயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது, தொழில்நுட்ப பீடமும் இருக்கிறது. இரத்மலானையில் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் வானூர்திப் பொறியியல் கற்பிக்கிறது. மொறட்டுவையில் இயந்திரப் பொறியியல் உண்டு. ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் உண்டு. இவற்றை ஒரு மேசைக்குக் கொண்டுவர நம் மலையகப் பிரதிநிதிகள் மனம் வைத்தால் போதும். வடிவத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. உலகில் பல்லாண்டு பறந்து நிரூபித்த வரைபடத்தையோ பாகப் பொதியையோ வாங்கி, அதைப் பிசகாமல் கட்டுவதே முதல் படி. சொந்த வடிவம் அதற்கும் பிந்திய கனவு.

கட்டிய விமானத்தை இறக்கை கழற்றி லொறியில் ஏற்றிச் சமவெளிக்குக் கொண்டுபோக வேண்டும். இடுக்கியில் கட்டியது மணிமுத்தாற்றில் பறந்ததுபோல, சப்ரகமுவவில் கட்டியது கொக்கலையிலோ வீரவிலவிலோ மட்டக்களப்பிலோ, நீண்ட ஓடுபாதையும் கடற்காற்றும் உள்ள இடத்தில், உரிய அனுமதியோடு, அனுபவமுள்ள விமானியின் கையில் முதலில் பறக்கட்டும். கட்டியவர் அன்று கீழே நின்று பார்க்கட்டும்.

முதல் ஆண்டுக்கு எஞ்சினே தேவையில்லை. ஒரு கொட்டகை, ஒரு பக்க இறக்கைக்கு வேண்டிய அலுமினியக் குழாயும் துணியும், நேர்த்தியான ஒரு தராசு, ஒரு குறிப்பேடு, களுகங்கைக் கரையிலிருந்து அனுமதியோடு எடுத்த ஆற்று மணல் நாற்பது ஐம்பது மூட்டை. பத்துப் பிள்ளைகள் ஒரு பிட்டரோடும் ஒரு விரிவுரையாளரோடும் சேர்ந்து அந்த இறக்கையைக் கட்டி, தலைகீழாகப் பூட்டி, மூட்டை மூட்டையாக ஏற்றி, அது எங்கே உடைகிறது என்று பார்த்து எழுதட்டும். உடைந்த இடத்தின் படத்தையும் கணக்கையும் எங்களுக்கு அனுப்புங்கள். இந்த இதழில் முழுப் பக்கத்தில் போடுகிறோம்.